கண்ணால் பார்த்த சாட்சி

என் அக்காவின் கணவரை நான் 'கட்டை அத்தான்' என்றுதான் கூப்பிடுவேன், அவர் காதுபடவே. அக்காவுக்குக் கோபம் வரும், அவருக்கு வராது. கல்யாணத்தன்று புது அத்தானைச் சீண்டிப் பார்க்கலாம் என்று கையில் நறுக்கென்று கிள்ளினேன். மனுஷன் யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தார். இன்னும் அழுத்திக் கிள்ளினேன். நகம் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. "யாரோ தொட்ட மாதிரி இருந்துச்சு, நீதானா?" என்று சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

பிறவியிலேயே அப்படி. தொட்டால் தெரியும், வலி தெரியாது. எலும்பு முறிந்தால் மட்டும் உள்ளே ஏதோ இடிக்கிறது என்பார். பள்ளிக்கூடத்தில் மற்றப் பையன்களுக்கு விழ வேண்டிய அடியையெல்லாம் இவரே வாங்கிக்கொள்வாராம், அடிக்கு ஒரு பென்சில் கூலி. கேட்க வேடிக்கையாக இருக்கும். முறிந்த காலோடு ஒரு நாள் முழுக்க ஓடி விளையாடியதால்தான் இடது கால் குட்டையாகிப் போனது என்பதையும் சேர்த்துக் கேட்டால் வேடிக்கை போய்விடும்.

பேக்கரியில் அடுப்பு வேலை அவருக்கு. ரொட்டித் தட்டு உள்ளே சிக்கிக்கொண்டால் மற்றவர்கள் கொக்கியைத் தேடுவார்கள், முதலாளி இவரைத் தேடுவார். "நீ இருக்கும்போது எனக்கு எதுக்குய்யா கொக்கி?" என்று முதுகில் தட்டுவார். இவரும் அதைப் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டு கையை உள்ளே விடுவார். அக்கா ஒரு நாள் நேரே போய் முதலாளியை வெளுத்து வாங்கிவிட்டாள். "எங்க, உங்க கைய விட்டு எடுங்க பாப்போம்" என்று அடுப்புக்கு முன்னால் நின்று கேட்டாளாம். அதற்குப் பிறகு கொக்கியும் வந்தது, கையுறையும் வந்தது.

ஆனாலும் அக்கா யாரையும் நம்பவில்லை. தினமும் சாயங்காலம் அவர் வந்ததும் சமையலறை விளக்குக்கு நேர்கீழே ஸ்டூலைப் போடுவாள். சட்டையைக் கழற்றிவிட்டு அவர் உட்கார வேண்டும். தலைமுடிக்குள் தொடங்கி, காதுக்குப் பின்னால், முதுகு, விரலிடுக்கு, பாதம் என்று டார்ச் அடித்துப் பார்ப்பாள். ஷூவைக் கவிழ்த்துத் தட்டுவாள். ஒரு முறை அதிலிருந்து ஆணி விழுந்தது. நாள் முழுக்க அதன்மேல் நடந்திருக்கிறார். கடைசியில் தோளில் ஒரு தட்டு தட்டி, "ஒண்ணுமில்ல, எந்திரிங்க" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் அவர் எழுந்து டீ குடிப்பார். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் கொஞ்சல், சண்டை, ஊர்வம்பு எல்லாம் அந்த ஸ்டூலில்தான். நான் பக்கத்தில் இருந்தால் வெளியே போய்விடுவேன். பார்க்கக் கூச்சமாக இருக்கும்.

இதில் அக்காவின் வலிக்கு மட்டும் மதிப்பே இல்லாமல் போயிற்று. அத்தான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவள் விரலை நறுக்கிக்கொண்டால் பதறி ஓடி வருவார், ரத்தத்தைப் பார்த்து மருந்து போடுவார். தலைவலி என்றால் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு முழிப்பார். "எங்க வீட்டுல வலிக்குக் கண்ணால பாத்த சாட்சி வேணும்டி" என்று அக்கா சிரிப்பாள். அப்படிச் சிரித்துச் சிரித்தே, வலித்தால் வாய் திறக்காமல் இருக்கப் பழகிவிட்டாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு வயிற்றில் வலது பக்கம் வலித்தது. ஒரு நாள் பொறுத்தாள். மறுநாள் சாயங்காலம் முடியாமல் சொல்லிவிட்டாள். அவர் பயந்துபோய் அவளை ஸ்டூலில் உட்காரவைத்தார். டார்ச்சை எடுத்து, அவள் தன்னைப் பார்க்கிற மாதிரியே உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். வயிற்றை இரண்டாம் முறையும் பார்த்தார். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, காயம் இல்லை. தோளில் தட்டி, "ஒண்ணுமில்ல, எந்திரி" என்றார். அவரைப் பொறுத்தவரை அதைவிட நிச்சயமான வார்த்தை உலகத்தில் கிடையாது. அக்காவும் எழுந்துவிட்டாள். இத்தனை வருஷம் அவளே சொல்லி வந்த வார்த்தை அல்லவா?

விடிந்ததும் வலி சட்டென்று போய்விட்டது. "பாத்தியா?" என்று சந்தோஷமாகக் கேட்டுவிட்டு அவர் வேலைக்குப் போனார். குடல்வால் வெடித்தால் கொஞ்ச நேரத்துக்கு அப்படிச் சுகமாக இருப்பதுண்டாம், டாக்டர் பிறகு சொன்னார். மதியம் காய்ச்சலில் உளறிக்கொண்டிருந்தவளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கொஞ்சம் நினைவு இருந்தது. "அவரு நல்லா டார்ச் அடிச்சுப் பாத்தாருடி. அவரத் திட்டாத" என்றாள். மறுநாள் போய்விட்டாள்.

நான் திட்டவில்லை, பேசவே இல்லை. அக்காவின் துணிமணிகளை எடுத்துவரத்தான் ஒரு சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. விளக்குக்குக் கீழே, சட்டையில்லாமல், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் டார்ச், கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. தோளுக்குப் பின்னால் ஒரு தீக்காயம் சீழ் வைத்து, வாசல்வரை நாறியது.

"முதுகு தெரியமாட்டேங்குது" என்றார்.

வெந்நீர் வைத்துத் துடைத்தேன். வேண்டுமென்றே அழுத்தித் துடைத்தேன். அசையவில்லை. என் அக்காவைப் பறிகொடுத்துவிட்டு நான் வெந்து சாகிறேன், இந்த ஆளை நோகடிக்க ஒரு வழியும் கிடையாதா என்று மனம் கொதித்தது.

"டாக்டர்கிட்ட கேட்டேன், சொல்லமாட்டேங்கறாரு. நீ சொல்லு. அவளுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்?"

என் கை நின்றுவிட்டது. நான் தேடிய வழியை அவரே காட்டிவிட்டார். உள்ளதைச் சொன்னால் போதும். உயிர் போகிற வலி அது, அதோடு ராத்திரி முழுக்க உங்கள் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள் என்று சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. திட்டாதே என்றவளின் முகமும் கூடவே வந்தது.

"கொஞ்சம்தான் வலிச்சிருக்கும் அத்தான்."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம்னா எவ்வளவு?"

மருந்து வைத்துக் கட்டுப் போட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். தோளில் தட்டி, "எந்திரிங்க" என்றேன். அவர் எழவில்லை, உட்கார்ந்தே இருந்தார். எந்த வார்த்தைக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு முயன்றும் அது என் வாயில் வரவில்லை.