அப்பாவின் ஐசி மண்ணுக்குள் போன மாரி

வெயிலில் காயத் தொடங்கிய செம்மண் சேற்றின் புளித்த வாடை இப்போதும் என் மூக்கில் நிற்கிறது. சூறாவளி மழை ஓய்ந்த காலையில், பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்த நாங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்கு மேலே இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது, மலைச்சரிவு கல்லும் மண்ணும் அடிக்கட்டைகளுமாக இறங்கி வந்து கூரையின் ஒரு முனையை மட்டும் வெளியே விட்டிருந்தது. உச்சியிலிருந்த இராணுவக் காவலரணுக்குப் பார்வை மறைக்கிறதென்று சரிவின் மரங்களையெல்லாம் முந்திய வருடமே வெட்டியிருந்தார்கள்.

"உயிர் தப்பினதே போதும்" என்றார்கள் எல்லோரும். அம்மா மட்டும் அப்பாவின் சட்டையில்லாத மேலைப் பார்த்து, "உங்கட ஐசி எங்க?" என்று கேட்டார். அது அலுமாரிக்குள், சட்டைப் பையில் கிடந்தது. துறைமுகத்தில் மூட்டை இறக்கும் அப்பா, அந்த அடையாள அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. யுத்த காலத்தில் அது இல்லாத ஆம்பிளை வீதியில் நிற்கவே பயம்.

இரவல் மண்வெட்டியால் அப்பா வெட்டத் தொடங்கியதும் மேலிருந்து ஒரு சிப்பாய் இறங்கி வந்தான். "இங்க தோண்ட ஏலாது. கடிதம் எடுத்து வாங்க." அனுமதிக் கடிதம் தரும் இராணுவ முகாம் சாவடிக்கு அப்பால் இருந்தது, சாவடியில் அப்பாவிடம் ஐசி கேட்டார்கள். ஆகவே தன் ஐசியைக் கையோடு கொண்டுவந்திருந்த அம்மாவும் பத்து வயதுக்காரியான நானும் நான்கு நாள் முகாமுக்கு நடையாய் நடந்தோம். "பெரியவர் இல்லை", "நாளைக்கு வாங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் கிடைத்த கடிதத்தில் மண்வெட்டி, அலவாங்கு கூடாது, கையால் மட்டும் என்றிருந்தது.

சிரட்டையாலும் நகத்தாலும் மூவரும் கிண்டி, இரண்டு நாளில் அலுமாரியை எட்டினோம். அட்டைக்குள் தண்ணீர் புகுந்து, அப்பாவின் முகம் இருந்த இடத்தில் பழுப்புக் கறை. "இது ஆர்?" என்று கேட்டு அவரை அந்திவரை சாவடி வெயிலில் இருத்தினார்கள்.

புதிய அட்டைக்கு வதிவிடச் சான்று வேண்டும். அதை எழுதித் தரும் கிராம அதிகாரியான விதானையார் வந்து மண்மேட்டைப் பார்த்தார். "வீடே இல்லையே அண்ணை, எந்த விலாசத்துக்கு நான் எழுதுறது?"

"இதுக்குக் கீழதானே ஐயா கிடக்கு!" என்று அப்பா கத்தினார். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கடைசியில், நிலாவெளியில் குடியிருந்த மாமி தன் வீட்டு விலாசத்தைக் கொடுத்தார். அட்டை வர எட்டு மாதமாயிற்று. அதற்குள் துறைமுக வேலை வேறு ஆளுக்குப் போய்விட, அப்பா கரைவலை இழுக்கப் போனார்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். சரிவைச் சமப்படுத்தி, கொங்கிறீற் மதில் எழுப்பி, வாகனம் நிறுத்துகிறார்கள். "இங்க வீடுகள் ஒண்டும் இருக்கேல்லையே அக்கா" என்று காவலாளி அடித்துச் சொன்னார். அவரோடு சண்டை பிடிக்க என்னிடம் ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லை. எங்களிடமுள்ள பத்திரங்கள் எல்லாம் நாங்கள் நிலாவெளி ஆட்கள் என்றே சொல்கின்றன.