களிக்கு ஏற்ற மீன்

சூளகிரிக்காரன் கங்கப்பன் ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் எட்டு வருடமாகத் தற்காலிகத் தொழிலாளி. அவனை நிரந்தரமாக்கும் சிபாரிசு, தஞ்சாவூர்க்காரரான சூப்பர்வைசர் தியாகராஜன் கையில் இருந்தது. 1986-இல் ஒரு ஞாயிறு, அவர் கங்கப்பன் வீட்டுக்குக் கேழ்வரகுக் களி சாப்பிட வந்தார்.

அன்று காலை கங்கப்பன் ஏரிச் சேற்றில் துழாவி, முள்குத்து வாங்கிப் பிடித்தது கெளுத்தி. மீசை வைத்த சேற்று மீனை மேலதிகாரிக்குப் போடுவதா? சந்தைக்குப் போய்ப் பளபளவென்று கெண்டை வாங்கிவந்தான். கெளுத்திக் குழம்பு அடுப்படியிலேயே பதுங்கிக்கொண்டது.

"மெல்லக் கூடாது சார், அப்படியே முழுங்கணும்" என்று களி தின்னும் முறையைப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தான். சாரும் சொன்னபடி கேட்டார். கெண்டைக்கு உடம்பெல்லாம் பொடிமுள் என்பது கங்கப்பனுக்கு நினைவு வருவதற்குள் சாருக்குத் தொண்டையில் முள் சிக்கிக் கண் பிதுங்கிவிட்டது.

அவன் மனைவி முனிலட்சுமி ஓடிவந்து வெறும் களி உருண்டையை நீட்டினாள். "இத முழுங்குங்க சார், எறங்கிடும்."

இறங்கியது. உடனே புருஷன் பக்கம் திரும்பினாள். "முழுங்குற களிக்குக் கெண்டைய போடுவாங்களா? நடுமுள்ளு மட்டும் இருக்கிற மீன உள்ள வெச்சிக்கினு!" திட்டிக்கொண்டே கெளுத்திக் குழம்பை ஊற்றினாள்.

சார் மேலும் மூன்று உருண்டை முழுங்கினார். "இத ஏன்யா ஒளிச்சு வெச்ச?"

"சேத்து மீனு, சார்..."

சிபாரிசு அந்த மாதமே மேலிடத்துக்குப் போனது. எட்டு வருட உழைப்புக்கா, கெளுத்திக்கா என்று கங்கப்பன் வெகுநாள் யோசித்தான். முனிலட்சுமிக்கு அதில் சந்தேகமே இல்லை.