கூடார வாசலில் ஒரு சோடி சப்பாத்து

என்னைப் பற்றி அவள் மேலாளரிடம் சொன்னது ஒரே ஒரு வசனம். பாவம், குடும்பப் பெண், இரவு தங்கிப் போகிற வேலைக்கெல்லாம் புருஷன் விடமாட்டார், கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றிருக்கிறாள். எனக்கு வர வேண்டிய வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. இதை நான் அறிந்தது ஆறு மாதம் கழித்து, அதுவும் மேலாளரின் வாயால். எங்கள் பண்பாட்டைத் தாம் எவ்வளவு மதிக்கிறார் என்று காட்டுவதற்காக, தேநீர்க் கோப்பையும் கையுமாக அன்பொழுகச் சொன்னார். நான் சிரித்துத் தலையாட்டினேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, நாசமாய்ப் போவாள் என்று வாய்விட்டே திட்டினேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நியூசிலாந்தில், எல்லர்ஸ்லி என்ற புறநகரில் ஒரு காப்புறுதி அலுவலகம். இழப்பீட்டு விண்ணப்பங்களைப் படித்துக் கோப்பில் போடுவது என் வேலை. கைநழுவிப் போனது வெளிவேலை. வெள்ளம் புகுந்த வீடு, கூரை பறந்த தொழுவம் என்று நாடு முழுக்கப் போய்ச் சேதத்தை நேரில் பார்த்து எழுத வேண்டும். கட்டட வரைபடம் படிக்க யாழ்ப்பாணத்திலேயே கற்றவள் நான். அலுவலகத்தில் தமிழர் இரண்டே பேர், நானும் அவளும். அவள் மலேசியத் தமிழ், என்னைவிட ஏழு வயது மூத்தவள், எங்கள் பிரிவின் தலைவி. முகத்துக்கு நேரே அக்கா என்பேன். மனத்துக்குள் வெறும் ‘அவள்’தான்.

அன்று மாலை ஒனிஹங்காவில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் விடமாட்டன் எண்டு ஆர் சொன்னது? என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றார்.

அவருக்கும் கோபம்தான். ஆனால் அவருடைய கோபம் சோறு வேகுமுன் ஆறிவிடும். என்னுடையது ஆறாது. பள்ளிக்கூடத்தில் என் கொப்பியைக் கிழித்தவளின் முகம்கூட எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்த கோடையில் அந்த வெளிவேலையில் இருந்தவர் சிட்னிக்குப் போய்விட, இடம் மறுபடி காலியானது. எங்கள் மேலாளர் ஒரு மலைப் பைத்தியம். ஆண்டுதோறும் அலுவலகத்தில் விரும்பும் இரண்டு பேரைத் தென்தீவுக்குக் கூட்டிப் போவார். வழிகாட்டி ஒருவரோடு பனியாற்றின் மேல் கூடாரம் போட்டு நாலு நாள் தங்கி, அருகில் உள்ள ஒரு சிகரம் ஏறி வருவார்கள். அறிவிப்புப் பலகையில் தாள் தொங்கியது. முதல் பெயர் அவளுடையது. அதன் கீழே, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி, என் பெயரை எழுதினேன். திரும்பி வந்த பிறகுதான் வேலைக்கு ஆளை முடிவு செய்வதாக மேலாளர் சொல்லியிருந்தார். வீட்டைவிட்டு நாலு நாள் போய், அவர் கண் முன்னால் நான் மலை ஏற வேண்டும். அவள் ஏற முடியாமல் நிற்க வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான்.

ஒடாஹுஹுக் கடையில் பத்துக் கிலோ அரிசிப் பை வாங்கி முதுகுப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு மாதம் வேலை முடிந்து வரும் வழியில் ஒற்றை மரக் குன்றை ஏறி இறங்கினேன். மேய்கிற செம்மறிகள் என்னை நிமிர்ந்து பார்க்கும். மூச்சு முட்டும்போதெல்லாம் அந்த ஒரு வசனத்தை எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கால் தானாக எடுத்து வைக்கும். குன்றின் உச்சியில் அரிசியை இறக்கி வைத்து, அவள் விழுந்து கிடப்பதாக நினைத்துப் பார்த்துவிட்டு இறங்குவேன்.

சறுக்குக் கட்டை பூட்டிய சிறு விமானம் எங்கள் நாலு பேரையும் பனியாற்றின் தலைப்பகுதியில் இறக்கிவிட்டுப் போனது. வழிகாட்டி நாற்பது தாண்டிய ஒரு பெண். சிக்கனமாகத்தான் பேசுவார். மதியம் முழுக்கக் கயிற்றில் பிணைந்து நடக்கவும், பனிக்கோடரியை ஊன்றி விழாமல் நிற்கவும் பழக்கினார். பிறகு இடத்தை மிதித்து இறுக்கி, பனிக்கட்டிகளை வெட்டிச் சுற்றுச்சுவர் எழுப்பி, கூடாரங்கள் போட்டோம். மேலாளருக்கு ஒன்று, வழிகாட்டிக்கு ஒன்று, எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்று. உங்கள் மொழியில் பேசிக்கொண்டு வசதியாக இருப்பீர்கள் என்றார் மேலாளர். நான் மறுபடி சிரித்துத் தலையாட்டினேன்.

வெயில் மலைமுகட்டில் இன்னும் இருந்த மாலை நேரத்தில் வழிகாட்டி எங்களை அழைத்தார். அவள் அப்போது பனிச்சுவருக்குப் பின்னால் ஒதுங்கப் போயிருந்தாள். மலைச் சப்பாத்துக்கு இரண்டு பாகம், வெளியே பிளாஸ்டிக் கூடு, உள்ளே மெத்தென்ற சப்பாத்து. கூட்டைக் கூடாரத்துக்குள் எடுத்து வையுங்கள், உள் சப்பாத்தைத் தூங்கும் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு படுங்கள், வெளியே விட்டால் காலையில் கல்லாகிவிடும் என்றார். உன் தோழியிடமும் சொல்லிவிடு என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சரி என்றேன். அந்த நேரத்தில், சத்தியமாக, சொல்லத்தான் நினைத்தேன்.

நான் திரும்பியபோது அவள் உள்ளே போயிருந்தாள். அவளுடைய சப்பாத்துகள் கூடார வாசலில், பனியின் மேல், வீட்டு வாசலில் வைப்பதைப் போலவே சோடியாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. நம் ஆட்கள் யார்தான் படுக்கிற இடத்துக்குள் சப்பாத்தோடு போவார்கள்? என் கையும் வாசலிலேயே வாரை அவிழ்க்கப் போனது. வழிகாட்டி சொல்லியிராவிட்டால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

"தங்கச்சி, சப்பாத்த வெளியவே கழட்டிடுங்க ஆ. உள்ள நாம படுக்கிற எடம், ஈரமாயிடும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பிரிவுத் தலைவியின் அதே குரல்.

"ஓம் அக்கா" என்றேன்.

அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்து, வீட்டுக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் என்னுடையவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சத்தமில்லாமல் உள்ளே இழுத்துத் தூங்கும் பைக்குள் திணித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் காற்று திசை மாறியது. துணியின் மேல் பனி விழும் ஓசை கேட்டது. எனக்கு மனம் குளிர்ந்தது. அப்படி ஒரு நிம்மதியான தூக்கம் நியூசிலாந்துக்கு வந்த பிறகு நான் தூங்கியதில்லை.

விடியும்போது வானம் துடைத்து விட்டதுபோல இருந்தது. அவளுடைய சப்பாத்து இருந்த இடத்தில் இரண்டு வெள்ளை மேடுகள். தோண்டி எடுத்தபோது உள்ளே பனி இறுகிப்போய், கரண்டியால் சுரண்டவும் வரவில்லை. அவள் காலை நுழைக்கப் பார்த்தாள். வழிகாட்டி தடுத்து, இதோடு மலை ஏறினால் விரல்கள் போய்விடும், நீ கூடாரத்திலேயே இரு என்றார். பிறகு, மேலாளர் பக்கத்தில் நிற்க, என்னிடம் கேட்டார்: "நீ இவளிடம் சொல்லவில்லையா?"

"சொன்னேன்" என்றேன்.

பச்சைப் பொய். அவள் என்னைப் பார்த்தாள். பார்வை என் காலுக்கு இறங்கியது. என் சப்பாத்துகள் காய்ந்து, வார் இறுக்கப்பட்டுத் தயாராக இருந்தன. எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது. நான் அவளைத் தைரியமாகத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆமாம், சொன்னாள். நான்தான் மறந்துவிட்டேன்" என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

வானொலிக் கருவியை அவளிடம் கொடுத்துவிட்டு மூவரும் ஒரே கயிற்றில் கிளம்பினோம். முன்னால் வழிகாட்டி, நடுவில் மேலாளர், கடைசியில் நான். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், மறுத்திருப்பேன், எதற்கும் தயாராக இருந்தேன். எனக்கு உதவி செய்ய இவள் யார்? அந்தக் கோபத்திலேயே சரிவு முழுவதும் ஏறினேன். உச்சிக்குக் கீழே மேலாளர் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரவில்லை. மேலே போனதும் அவர் மூச்சு வாங்கியபடி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த வேலைக்கு இனி வேறு ஆள் தேட மாட்டேன், அது உனக்குத்தான் என்றார். நான் கீழே பார்த்தேன். மூன்று கூடாரமும் மூன்று புள்ளியாகத் தெரிந்தன. இரு, இரு, நன்றாக இரு என்று அந்தப் புள்ளிகளைப் பார்த்துச் சொன்னேன்.

வழிகாட்டி வடமேற்கைக் காட்டினார். அங்கே மேகம் திரண்டிருந்தது. பாதி வழி இறங்குவதற்குள் அது எங்களை மூடிவிட்டது. முன்னால் போகிறவர் தெரியவில்லை, கயிறு மட்டும் வெள்ளைக்குள் போனது. பனிப்பிளவுகளைச் சுற்றி, கோடரிக் காம்பால் குத்திக் குத்திப் பார்த்து வந்து சேர மூன்று மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது.

வந்தபோது அவள் வெளியே நின்று மண்வெட்டியால் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள். காற்றுக்கு எங்கள் கூடாரத்தின் ஒரு கம்பு முறிந்து, பனிப் பாரத்தில் அமுங்கத் தொடங்கியிருக்கிறது. அந்த உறைந்த சப்பாத்துகளுக்குள் இறுகிய பனியை உடைத்து, காலில் மாட்டிக்கொண்டு, மூன்று கூடாரத்தையும் ஒற்றை ஆளாகக் காப்பாற்றியிருக்கிறாள். அவள் இல்லாவிட்டால் அன்று எங்கள் நாலு பேருக்கும் ஒதுங்க இடம் இருந்திருக்காது. வழிகாட்டி அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்துச் சப்பாத்தைக் கழற்றினார். விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன. கிள்ளினால் தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றாள்.

பின்னர் இரண்டு நகங்கள்தான் போயின, விரல்கள் தப்பிவிட்டன. ஆனால் அந்தப் பிற்பகலில் அது யாருக்கும் தெரியாது.

தேய்க்கக் கூடாது, அடுப்பில் காட்டக் கூடாது, மனிதச் சூடுதான் வேண்டும் என்றார் வழிகாட்டி. என்னை எதிரே படுக்கச் சொல்லி, என் சட்டைகளை மேலே தூக்கி, அவளுடைய இரண்டு பாதங்களையும் என் வெறும் வயிற்றில் வைத்து மூடிவிட்டு, விமானத்தை வானொலியில் கேட்கப் போனார். குளிர் வயிற்றைத் துளைத்து முதுகில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இந்தக் கால்கள் வழுக்கி விழ வேண்டும் என்றுதான் நான் இரண்டு மாதம் அரிசி சுமந்தேன். அவை இப்போது என் தொப்புளின் மேல் இருந்தன.

கூடாரத் துணி படபடத்துக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் நான்தான் பேச்சைத் தொடங்கினேன்.

"தெரிஞ்சுதான் சொல்லாமல் விட்டனான்."

"தெரியும்."

"பிறகு ஏன் எனக்காகப் பொய் சொன்னீங்கள்?"

"ஒங்களுக்காக இல்ல. இருக்கிறதே ரெண்டு தமிழாளுங்க. அந்த வெள்ளக்காரங்க முன்னாடி நாம அடிச்சுக்கணுமா? அப்புறம் ஆபீஸ்ல நான் எப்படி லா தலை நிமிர்ந்து நடக்கிறது?"

"என்னைப் புருஷன் விடமாட்டார் எண்டு மேலாளரிட்டச் சொன்னதும் நீங்கள்தானே? அதுக்குத்தான் இது."

அவள் கூடாரக் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் கல்யாணம் கட்டுன புதுசுல எனக்கு அந்த மாதிரி ஒரு வேலை வந்துச்சு. எங்க வீட்ல விடல. எல்லா வீடும் அப்படித்தான்னு நெனச்சேன்."

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்தான். ஆனா மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"நானும் கேக்கப் போறதில்லை."

"சரி."

இன்றுவரை இருவரும் கேட்கவில்லை. அவளை நான் மன்னிக்கவும் இல்லை. பாதங்களைத் தள்ளிவிடலாம் என்று அப்போது ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அவள் ஸ்ஸ் என்று மூச்சை இழுத்தாள். விரல்களில் உணர்வு திரும்பத் தொடங்கியிருந்தது, வலிக்கத் தொடங்கிவிட்டது. அவள் கண்ணில் நீர் வழிந்தது. என்னைப் பார்க்காமலேயே, "தங்கச்சி, கால இன்னும் கொஞ்சம் மேல வைக்கிறேன். அங்கதான் சூடா இருக்கு" என்றாள்.

நான் சட்டையை இன்னும் கொஞ்சம் தூக்கினேன்.