ஐஸில் வைக்கச் சொன்னேன்

போன மார்ச்சில் நான் சிங்கப்பூர் போனது ஊர் சுற்ற அல்ல. நான்கு மூலக்கூறுகள் சேர்ந்து ஒரே வளையமாக நிற்கும் என்று ஐந்து வருடமாக நான் சொல்லிவரும் ஒரு புரதம் உண்மையில் அப்படித்தான் நிற்கிறது என்று நிரூபிக்கப் போனேன். அயன் மொபிலிட்டி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற இயந்திரம் மூலக்கூறின் எடையோடு உருவத்தையும் காட்டிக்கொடுக்கும். வாயுவுக்குள் தள்ளினால் கச்சிதமான புரதம் சீக்கிரம் வந்துசேரும், விரிந்தது தாமதமாகும். திருச்சியில் எங்களிடம் அது இல்லை. சிங்கப்பூரில் ஓர் ஆய்வகம் ஒரே ஒரு திங்கட்கிழமையை ஒதுக்கியது.

ஞாயிறு மதியம் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, எக்ஸ்போவில் ரயில் மாறி லிட்டில் இந்தியா வந்தேன். முக்கால் மணி நேரம், இரண்டு வெள்ளிக்குச் சற்று மேல்; டாலரை அங்கே வெள்ளி என்பார்கள். தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு விடுதி. அறை, ஜன்னல் வைத்த தீப்பெட்டி. ஃபிரிட்ஜ் கீழே முதலாளியிடம்தான். அவரை எல்லாரும் பாய் என்றே அழைத்தார்கள். புரதக் குழாய்கள் இருந்த பெட்டியை அவரிடம் நீட்டினேன்.

"பாய், இந்தப் பெட்டிய ஐஸ்ல வைக்கணும். ரொம்ப முக்கியம்."

"கவலைய விடுங்க லா தங்கச்சி, நான் பாத்துக்குறேன்" என்றார், அந்த ஊர் 'லா'வோடு.

நம்பிவிட்டு மட்டன் பிரியாணி சாப்பிடப் போனேன். பிரியாணியில் குறையில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் பாய் ஃப்ரீசரைத் திறந்து பெட்டியை எடுத்தார். உள்ளே குழாய்கள் எல்லாம் கல்லாக உறைந்திருந்தன.

"ஐயோ, ஃப்ரீசர்லயா வச்சீங்க?"

"ஐஸ்ல வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? ஐஸ் அங்கதானே இருக்கு!"

எங்கள் ஆய்வகத்தில் 'ஐஸில் வை' என்றால் ஐஸ் துண்டுகளுக்கு நடுவே, உறையாமல் வைப்பது. உறைந்தால் இந்த மாதிரிக் கூட்டுப்புரதம் பிரிந்துவிடலாம். உலகத்துக்கே இது தெரியும் என்ற நினைப்பு எனக்கு! கத்தவும் முடியவில்லை, மனிதர் டீ வாங்கி நீட்டுகிறார்.

ரயிலும் பஸ்ஸுமாக ஒரு மணி நேரம் மேற்கே போனால் ஆய்வகம். இயந்திரத்தை இயக்கும் கவிதா திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நாலு சேர்ந்தது ஒண்ணுமே காணோம். எல்லாம் சிங்கிள் சிங்கிளா வருது, அதுவும் லேட்டா. ஃப்ரீஸ் ஆயிடுச்சா?"

ஆமாம் என்றேன்.

"அப்போ இந்த டேட்டாவ வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது லா. இந்த வருஷம் வேற ஸ்லாட்டும் இல்ல. சாரி."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

இதே வேலையாக வருகிறவர்களுக்கு: ஆய்வகம் திறந்திருக்கும் நாளில் இறங்கி, மாதிரியை நேராக அங்கே ஒப்படையுங்கள். முடியாவிட்டால் ஐஸ் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். 'ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டு, தண்ணீர் பாட்டில் பக்கத்தில்' என்று சொல்லி, வைப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

ஊர் திரும்பியதும் என் பேராசிரியர் அந்தப் புரதத்தைப் பற்றிய அத்தியாயத்தையே ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். உறைந்ததால்தான் உடைந்தது என்று கத்தினேன்.

"உடையறதுக்கு முன்னாடி அது சேர்ந்திருந்துச்சுன்னு யாரும்மா பாத்தா?" என்றார்.

யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.