மூன்று முறை அழைப்பார்கள்

பனியன் துணியின் பஞ்சுத்தூசும் இஞ்சித் தேநீரின் மணமும் கலந்து வீசிய எங்கள் சந்தில், காலை பதினொரு மணிக்கு "டவாலி"யின் குரல் மாடிச் சன்னலிலிருந்து இறங்கி வரும். பெருமாநல்லூருக்கு அப்பால் இருந்த எங்கள் ஊரில், வாடகை மாடியொன்றில் இயங்கிய சிறு நீதிமன்றத்தின் சேவகர் அவர். வழக்காடுவோர் பெயரை மும்முறை அழைப்பார். அதற்குள் வராதவர் வழக்கு தள்ளுபடி. ஆயினும் சந்தில் எவரும் அஞ்சியதில்லை. முதல் அழைப்பில் அடுப்பை அணைத்து, இரண்டாவதில் செருப்பை மாட்டி, மூன்றாவதில் கூண்டில் நிற்பார்கள். பெயர் சொல்லி அழைத்தால் இறைவனே இறங்கி வருவான் என்று பதிகம் ஓதிப் பழகிய சிறுமியாகிய எனக்கு, இங்கே அழைக்கப்பட்டவர்களே ஓடுவது பெரும் வேடிக்கையாக இருந்தது.

அம்மாவுக்கும் அங்கே ஒரு வழக்கு இருந்தது. எட்டுக் குடும்பங்கள் பேருந்துச் சாலைக்குச் செல்லும் நடைவழியை மறித்து ஒருவர் மதில் எழுப்பிவிட, எட்டு வீட்டுக்கும் சேர்த்து, "ஓவர்லாக்" எந்திரத்தில் பனியன் ஓரம் தைத்துக்கொண்டிருந்த அம்மா மரகதமே வாதியானாள்.

சந்துக்கொரு கைப்பேசி இருந்த அந்த ஆண்டில் நீதிமன்றத்தை மூடி, நகரத்து நான்கு மாடிக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். சாட்சி சொல்லும் நாளன்று இரண்டு பேருந்து மாறிப் போன அம்மா, பழக்கம் விடாமல் எதிர்த் தேநீர்க் கடையில் அமர்ந்து குரலுக்குக் காத்திருந்தாள். வழக்கு தள்ளுபடியாயிற்று.

"கூப்பிடவே இல்லீங்க!" என்று வக்கீலிடம் சாதித்தாள்.

"கூப்பிட்டாங்கம்மா. டீக்கடை வரைக்கும் கேக்கறதுக்கு அது என்ன உங்க சந்துங்களா?" என்றவர், மனுப் போட்டு வழக்கை மீட்டுத் தந்து எச்சரித்தார்: "இன்னொருக்கா விட்டீங்கன்னா அந்த மதில் அங்கயேதான் நிக்கும்."

நீதிமன்றம் இருந்த மூன்றாம் மாடித் தாழ்வாரத்திலோ கூட்டம் சேரவிடாமல் எல்லாரையும் முற்றத்துக்கு விரட்டிக்கொண்டிருந்தார்கள். எனவே அடுத்த முறை சந்தே விடுப்பெடுத்துக்கொண்டு புறப்பட்டது. மூன்றாம் மாடிப் படியில் தூத்துக்குடிப் பக்கத்து ஜெபமணி அக்கா. முதல் மாடியில் துணிக்கழிவு வியாபாரி காதர் பாய். அடிப்படியில், ஓதிப் பழகிய தொண்டையுடன் நான்.

"பாய், கூப்புடுதாவ! மரகதத்த கூப்புடுதாவ!"

"மரகதம்மா! மரகதம்மோவ்!"

நான் ஒரு முறைதான் அழைத்தேன். கட்டடமே எட்டிப் பார்த்தது.

"வந்துட்டேனுங்க!" என்று கையில் செருப்போடு படியேறினாள் அம்மா.

உள்ளே நீதிபதி கேட்டாராம்: "உங்க பேரை எத்தனை பேரும்மா கூப்பிடுறாங்க?"

"எட்டு ஊட்டுக்காரங்களுங்க."

அவர் சிரித்ததை அம்மா நூறு முறை சொல்லியிருப்பாள். சாட்சி பதிவாயிற்று, மறு ஆண்டு தீர்ப்பாகி மதிலை இடித்தார்கள்.

அந்த வாடகை மாடியில் இன்று அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள். வாய்தாத் தேதி அவரவர் கைப்பேசிக்கு வருகிறது. எவர் வழக்கு எந்நாள் என்று அடுத்த வீட்டுக்கும் தெரிவதில்லை. உடன் செல்வாரும் இல்லை. நடைவழி மட்டும் திறந்து கிடக்கிறது. மாலையில் கோயிலிலிருந்து திரும்புகையில், மதில் நின்ற இடத்தில் நின்று, "மரகதம்மோவ்!" என்று ஒரு முறை அழைப்பேன். இரண்டாம் அழைப்புக்கு இன்றும் வேலையில்லை, வீட்டுக்குள்ளிருந்து "வந்துட்டேனுங்க!" என்று கேட்கும்.