தாம்பூலத்தோடு போன தூள்

எங்கள் வீட்டு நவராத்திரித் தாம்பூலத்தில் மீன் போயிற்று. இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

என் மனைவிக்கு முழங்கால் தேய்மானம். வங்காளத்தில், சால்ட் லேக்கில் எங்களுக்கு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, காலுக்குப் பயிற்சியும் சொன்னார். அந்தச் சமயம் பார்த்து கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு கடைக்காரன் கொலாஜன் என்று ஒரு வெள்ளைத் தூளை நீட்டினான். கடலிலிருந்து எடுப்பது, முழுக்க இயற்கை, மூட்டுக்கு அமிர்தம் என்றான். கடல் என்றதும் இவள் கடல்பாசி என்று முடிவு கட்டிவிட்டாள். கோடைதோறும் கடல்பாசி சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? பெரிய டப்பாவிலிருந்து அள்ளி, எழுத்தே இல்லாத சின்னப் பொட்டலங்களாக அவன் கட்டிக் கொடுத்தான்.

தினமும் மோரில் கலக்கிக் குடித்தாள். சில மாதங்களில் வலி குறைந்தது. தூளாலா, பயிற்சியாலா, யார் கண்டார்கள்? பெருமை முழுவதும் தூளுக்கே போயிற்று. கொலு வைத்த அன்று பொம்மைகளுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து பாடினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மற்ற பெண்கள் பாட்டையா கேட்டார்கள், முழங்காலைத்தான் பார்த்தார்கள். எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறவர்கள். அவ்வளவுதான், வெற்றிலை பாக்கு மஞ்சளோடு ஆளுக்கொரு பொட்டலத்தையும் பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் கீழ் வீட்டுப் பெண் தன் அம்மாவோடு படியேறி வந்தாள். அவர்கள் வங்காளிகள். கையில் நாங்கள் கொடுத்த பொட்டலம்.

"காக்கிமா, நானும் இந்தக் கொலாஜனைத்தான் சாப்பிடறேன். மீன் செதில்லேர்ந்து எடுக்கறது. நீங்க சாப்பிடலாமா?"

உடனே கடைக்காரனை ஃபோனில் கூப்பிட்டேன். "சுத்தமான மீன், தாதா, கலப்படமே கிடையாது!" என்று சந்தோஷமாகச் சொன்னான். அந்தப் பெண்ணின் அம்மாவோ, "இதில் என்ன? எங்கள் கல்யாணச் சீரில் ரூயி மீனுக்குக் குங்குமம் வைத்தே அனுப்புவோம். மங்களம்!" என்று வங்க மொழியில் வாழ்த்திவிட்டுப் போனாள்.

"யாருக்கும் தெரியப் போறதில்லை. பேசாம விட்டுடு," என்றேன் மனைவியிடம்.

"அம்பாள் முன்னாடி வெச்சுக் குடுத்தது. சொல்லாம எப்படி இருக்கறது?"

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒருத்தி "ஐயையோ" என்று அலறினாள். ஒருத்தி பாதியிலேயே வைத்துவிட்டாள். ஒருத்தியின் கணவர் ஃபோனைப் பிடுங்கி, "ஒரு தடவை கேட்டுட்டுக் குடுக்க மாட்டேளா?" என்று கத்தினார். இவள் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

கொலுவுக்கு வந்து பொட்டலம் வாங்கிப் போன கிடர்பூர் மாமியைக் கடைசிக்கு வைத்திருந்தாள். மடி ஆசாரத்தில் மாமியை மிஞ்ச இந்த ஊரில் ஆளில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுவருவாள். இந்த விஷயத்தைக் கேட்டு அவளுக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறது என்று நானே பயந்தேன்.

மாமி குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள்.

"மாமி?"

"உனக்கு இதுல வலி கேட்டுதா?"

மனைவி என்னைப் பார்த்தாள். "கேட்டுது மாமி."

"கீழ உக்காந்து எழுந்துக்க முடியறதா?"

"முடியறது."

மாமியின் குரல் தழைந்து வந்தது. "முழங்கால் வலி தாங்காம, குளிக்கற ரூம்ல குழாயத் தொறந்து விட்டுண்டு அழறேன்டீ. எங்காத்துக்காரருக்குக் கூடத் தெரியாது. நீ இதை என்கிட்ட சொல்லவே இல்லை, சரியா?"

மாமி ஃபோனை வைத்துவிட்டாள். அந்த மாமியையே இப்படிச் சொல்ல வைக்கிற வலி எப்படிப்பட்ட வலியாக இருக்கும்?

மனைவி எழுந்து போய், தனக்கென்று வைத்திருந்த பொட்டலங்களை எல்லாம் எடுத்து வந்தாள். கொட்டத்தான் போகிறாள் என்று குப்பைக்கூடையை நகர்த்தி வைத்தேன். அவள் அதைப் பார்க்கவேயில்லை. துணிப்பையில் ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"இனிமே என்னால இதை வாயில வெக்க முடியாது," என்றாள். "நாளைக்கு மாமா வாக்கிங் போற நேரமாப் பாத்து மாமியாத்துக்குப் போயிட்டு வந்துடறேன்."