விசாலாக்ஷிக்கு முகம் தெரிந்த ஞாயிறு

நியூ ஜெர்சியில், எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் விசாலாக்ஷியைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. தலைக்கனம் பிடித்தவள், தெரிந்தவர்களையே தெரியாத மாதிரி தாண்டிப் போவாள் என்பது ஒன்று. யாரைப் பார்த்தாலும் பல்லைக் காட்டுகிற அசடு என்பது இன்னொன்று. காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்குகிற முன்பின் தெரியாத பெண்ணிடம் கூட, "என்னக்கா, ரொம்ப நாளாச்சு" என்று சிரித்து வைப்பாள். சொல்லுகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். இரண்டுமே தப்பு.

அவளுக்கு முகம் மனசில் நிற்காது, அவ்வளவுதான் விஷயம். கும்பகோணத்தில் பிறந்தபோது பெரிய கண்ணைப் பார்த்துத்தான் விசாலாக்ஷி என்று பெயர் வைத்தார்கள். கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. மூக்கு தெரியும், மூக்குத்தி தெரியும், உதட்டோர மச்சம் கூடத் தெரியும். எல்லாம் சேர்ந்து இது இன்னார் என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான் ஒன்றுமே இருக்காது. பார்த்துக்கொண்டிருக்கிற வரை முகம் இருக்கும். திரும்பினால் போய்விடும். இதற்கு இங்கிலீஷில் வாயில் நுழையாத ஒரு பெயர் இருப்பதை முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் எங்கேயோ படித்துத் தெரிந்துகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. கட்டிய புருஷனிடமே சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வருஷம் எப்படிச் சமாளித்தாள் என்று கேட்கலாம். நம்முடைய பேச்சு வழக்குதான் காப்பாற்றியது. மூத்தவர்கள் என்றால் ஆன்ட்டி, அங்கிள். ஏறக்குறைய நம் வயது என்றால் அக்கா. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. அவள் வேலை பார்க்கிற இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதைவிட வசதி. மீட்டிங்கெல்லாம் கம்ப்யூட்டரில், ஒவ்வொரு தலைக்குக் கீழேயும் பெயர் எழுதியிருக்கும். புருஷன் சபரிநாதனைத் தும்மலை வைத்துக் கண்டுபிடிப்பாள். மகள் தீக்ஷாவை, வெயில் காலத்தில் கூட அவள் கழற்றாத பிங்க் ஜாக்கெட்டை வைத்து.

போன வருஷம் தமிழ்ப் பள்ளிப் பொங்கல் விழாவில்தான் மாட்டிக்கொண்டாள். நடனம் முடிந்து குழந்தைகள் மேடைக்குப் பின்னால் வந்தன. எல்லாருக்கும் ஒரே பச்சைப் பாவாடை, ஒரே சவுரி, ஒரே மை தீட்டிய கண். கையிலிருந்த பூங்கொத்தை நீட்டி, முன்னால் நின்ற பெண்ணை வாரி அணைத்து, "சூப்பரா ஆடினே செல்லம்" என்று முத்தமும் கொடுத்தாகிவிட்டது. அந்தப் பெண் திருதிருவென்று விழித்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு பெண் மெதுவாக, "அம்மா, தட்ஸ் நாட் மீ" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். விசாலாக்ஷியும் சிரித்தாள். தீக்ஷா மட்டும் சிரிக்கவில்லை. எட்டு வயதுக் குழந்தைக்கு அது மறக்கிற சங்கதியா?

இந்த வருஷம் விசாலாக்ஷி உஷாராக இருந்தாள். விழாவன்று மகளின் இடது மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறு கட்டி அனுப்பினாள். திருஷ்டிக் கயிறு என்று சொல்லிக்கொண்டாள். நடனம் சொல்லித்தருகிற வான்மதி அக்கா எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று அதை அவிழ்த்து வைத்துவிட்டாள். விசாலாக்ஷி மேடைக்குப் பின்னால் போகவே இல்லை. சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றுகொண்டு, மகள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு தானே தேடி வரட்டும் என்று காத்திருந்தாள். வந்தாள்.

மறு வாரம் வான்மதியிடமிருந்து வாட்ஸப் வந்தது. விழாப் படங்கள் எல்லாம் இந்த லிங்கில் இருக்கின்றன, பள்ளிக் காலண்டருக்காக ஒவ்வொரு பெற்றோரும் தங்கள் குழந்தையின் படம் மூன்று பொறுக்கி ஞாயிறு சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். திறந்து பார்த்தால் ஆயிரக்கணக்கில் படம். அத்தனையிலும் பச்சைப் பாவாடை.

"அப்பாவுக்கு அனுப்பறேன், அவர் நல்லா செலக்ட் பண்ணுவார்" என்றாள் விசாலாக்ஷி. சபரிநாதன் அப்போது டெக்ஸாஸில், கேட்டி என்கிற ஊரில், ஒரு ப்ராஜெக்டுக்காகப் போய் உட்கார்ந்திருந்தான்.

"நோ. யூ பிக்" என்றாள் தீக்ஷா. நேராகப் பார்த்துச் சொன்னாள். அதில் கோபமில்லை. பரீட்சை வைக்கிற டீச்சரின் குரல் இருந்தது. இந்தத் தடவையும் வேறு பிள்ளையின் படத்தை அனுப்பினால் அது காலண்டரில் அச்சாகி வருஷம் பூராவும் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்கும். தன் அம்மாவுக்குத் தன்னைத் தெரியாது என்று அந்தக் குழந்தை முடிவே கட்டிவிடும்.

முகம் கண்டுபிடிக்கிற ப்ரோக்ராம் ஒன்று இலவசமாகக் கிடைக்கும் என்று ஆபீஸில் யாரோ பேசியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாயிறு காலை, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, சபரிநாதனின் பழைய விண்டோஸ் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து உட்கார்ந்தாள். மற்றவர்கள் எழுதிய ப்ரோக்ராமில் குற்றம் கண்டுபிடிக்கிறதுதான் அவள் உத்தியோகம். அதற்காகப் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் பாஷையில் சின்னச் சின்னதாக எழுதத் தெரியும். ஒரே ஒரு வரி அடித்தால் போதும், எல்லாம் தானே இறங்கிவிடும் என்று போட்டிருந்தது. அடித்தாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

ஆண்டவன் விண்டோஸ்காரர்களை மட்டும் தனியாகச் சோதிக்கிறான் போலிருக்கிறது. இந்த மாதிரி ரெடிமேட் ப்ரோக்ராம் மூட்டைக்கு நூலகம் என்று பெயர், அந்த நூலகத்துக்கு அடியில் இன்னொரு நூலகம் இருந்தது. அதைக் கடையில் வாங்குகிற மாதிரி வாங்க முடியாது, இவள் கம்ப்யூட்டரிலேயே ஆக்கி எடுக்க வேண்டும். அதற்கு சி-மேக் என்று ஒன்று வேண்டுமாம். இறக்கினாள். மறுபடி சிவப்பு. சி ப்ளஸ் ப்ளஸ் கம்பைலர் எங்கே என்றது. அது இறங்குவதற்குள் தீக்ஷா வெளியே போய்ப் பனியில் உருண்டு, மூக்கு சிவந்து திரும்பியே வந்துவிட்டாள். மறுபடி அடித்தாள். மறுபடி சிவப்பு.

வேறு யாராவது என்றால் லேப்டாப்பை மூடியிருப்பார்கள். விசாலாக்ஷி டெஸ்டர் ஆயிற்றே. சிவப்பு எழுத்தைக் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டே போனாள். குற்றம் எங்கேயோ இல்லை, அவள் ஆசையாகப் போட்டிருந்த புத்தம் புதிய பைத்தானிலேயே இருந்தது. அது இந்த நூலகத்துக்குப் பழக்கமில்லாத பதிப்பு. எடுத்துவிட்டுப் பழைய பைத்தானைப் போட்டாள். இந்தத் தடவை சிவப்பு வரவில்லை. ஒரு வரியில் வந்து அப்படியே நின்றது. லேப்டாப்பின் விசிறி கிரைண்டர் மாதிரி கத்த ஆரம்பித்தது.

"இஸ் இட் கோயிங் டு எக்ஸ்ப்ளோட்?" என்று தீக்ஷா எட்டிப் பார்த்தாள்.

"சமைச்சிட்டிருக்கு. தொந்தரவு பண்ணாதே."

அடுப்பில் சாம்பார் கொதித்து இறக்கியாகிவிட்டது. அதற்கப்புறம்தான் திரையில், நல்லபடியாக ஏறிவிட்டது என்ற அர்த்தத்தில் ஒரு வரி வந்தது. விசாலாக்ஷி கரண்டியோடு நின்றபடியே அதை இரண்டு தடவை படித்தாள்.

மகளின் பாஸ்போர்ட் படத்தைக் கொடுத்து, இந்த முகம் என்ன என்று கேட்டாள். கம்ப்யூட்டர் நூற்றுச் சொச்சம் எண்களைக் கொட்டியது. எல்லாம் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிற தசம எண்கள். அதுதான் தீக்ஷாவாம். இன்னொரு முகத்தைக் கொடுத்தால் அதற்கும் எண்களைக் கொட்டி, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று சொல்லுமாம். தூரம் குறைந்தால் ஆள் ஒன்று. உலகத்தில் எல்லாரும் மூச்சு விடுகிற மாதிரிச் செய்கிற காரியம் இது. தனக்கு மட்டும் ஏன் கொடுத்து வைக்கவில்லை என்று இத்தனை நாளும் ஏங்கிய காரியம். அது இப்படி, எண்ணெண்ணாக, சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கும்பிட வேண்டும் போலிருந்தது. கையில் கரண்டி இல்லாதிருந்தால் கும்பிட்டிருப்பாள்.

படங்களை மொத்தமாக ஓடவிட்டாள். ஒவ்வொன்றாக வந்தது. பச்சைப் பாவாடைக் கூட்டத்தில் ஒரே ஒரு முகத்தைச் சுற்றி ஒரு கட்டம், அதன் தலையில் தீக்ஷா என்று பெயர். ஆபீஸ் மீட்டிங் மாதிரி! டெஸ்டர் புத்தி சும்மா இருக்குமா, சோதித்தாள். கட்டத்துக்குள் இருந்த பெண் அடுத்தடுத்த படங்களில் மேடையை விட்டு இறங்கினாள், சவுரியைக் கழற்றினாள், பிங்க் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஜூஸ் குடித்தாள். அவளேதான். என் பெண்தான். மை தீட்டிய அந்தக் கண்ணை முதல் தடவையாக அவசரப்படாமல், தப்பாகிவிடுமோ என்ற பயமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

அதற்கப்புறம் கம்ப்யூட்டர் உளற ஆரம்பித்தது. சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கிற யாரோ ஒரு பெரிய பெண்பிள்ளையின் முகத்தில் கட்டம் போட்டு, தீக்ஷா என்றது. விசாலாக்ஷிக்குச் சிரிப்பு வந்தது. சரி, இதுவும் நம்மை மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த படத்திலும் அதே ஆள், மறுபடியும் தீக்ஷா. யாரிந்த அம்மா என்று படத்தைப் பெரிதாக்கினாள். மயில்கழுத்துக் கலர்ப் புடவை, அரக்குப் பார்டர், முந்தானையில் சாம்பார்க் கறை.

அந்தக் கறையை அவள்தான் திங்கட்கிழமை சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

விசாலாக்ஷி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தீக்ஷா பிறந்ததிலிருந்து பார்க்கிற ஆன்ட்டிகள் எல்லாரும் சொல்லுகிற வார்த்தை, "அப்படியே அம்மா ஜாடை." அவளும் வெட்கப்பட்டுச் சிரித்து வைப்பாள். காபி நன்றாயிருக்கிறது என்று சொல்லுகிற மாதிரி, வந்த வீட்டில் சொல்லுகிற மரியாதைப் பேச்சு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இந்த மெஷினுக்கு மரியாதையும் தெரியாது, உறவும் தெரியாது, அவள் வீட்டுக் காபியும் வேண்டாம். அது எண்ணைக் கூட்டிக் கழித்துச் சொல்லுகிறது. அப்படியானால் ஜாடை என்பது நிஜமாகவே இருக்கிறது. தன் முகத்தில் பாதி அங்கே பனிப் பொம்மைக்கு மூக்காகக் கேரட் தேடிக்கொண்டு ஃப்ரிட்ஜைக் குடைகிறது.

"தீக்ஷா, இங்க வாம்மா."

குழந்தை வந்து பார்த்தது. "தட்ஸ் யூ. ஒய் டஸ் இட் சே தீக்ஷா?"

சொல்லிவிட்டாள். "எனக்கு முகம் மனசுல நிக்காதுடா கண்ணு. சின்ன வயசுலேர்ந்தே. போன வருஷம் உன்னை மறந்துட்டேன்னு நெனச்சே இல்ல? மறக்கல. எனக்குத் தெரியலை."

"ஈவன் மைன்?"

"உன்னுதும்."

"அப்பா?"

"தும்மல வச்சு."

தீக்ஷா திரையிலிருந்த புடவைக்காரியைக் காட்டி, "ஈவன் யுவர்ஸ்?" என்றாள்.

"இப்ப கூடப் புடவைய வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

தீக்ஷாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விசாலாக்ஷிக்கும் வந்தது. இரண்டு பேரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது குழந்தை அம்மாவின் மடியில் இருந்தது. அந்த நிலையில்தான் படம் பொறுக்கினார்கள். கட்டம் போட்ட நடனப் படங்களில் இரண்டை விசாலாக்ஷி எடுத்தாள். மூன்றாவதைத் தீக்ஷா எடுத்தாள். அம்மா வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

சாயங்காலம் வான்மதி போன் பண்ணினாள். "விசா, ஃபோட்டோ கெடச்சுது. ரெண்டு ஓகே. மூணாவதுல தீக்ஷாவையே காணோமேம்மா, நீ மட்டும் தட்டோட நிக்கறே. மாத்தி அனுப்பிட்டியா?"

"இல்லையே அக்கா" என்றாள் விசாலாக்ஷி. "நல்லாப் பாருங்க. இருக்கா."